அலைச்சறுக்கைப் படம்பிடிக்க எதை வாங்குவது, எப்படி வாங்குவது?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை இலங்கையின் தெற்கு, தென்மேற்குக் கரைகளிலுள்ள வெலிகம, மிதிகம, ஹிக்கடுவப் பக்கமும், மே முதல் ஒக்டோபர் வரை கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாப் பக்கமும் அலைச்சறுக்குப் பருவம் நடப்பதால், கொழும்பிலிருந்து கமராவோடு புறப்படும் வாசகர்களின் கேள்விகள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் பணம் செலவாகும் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): என்னிடம் கெனன் 1500டி கமராவும் அதனுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸும் உள்ளன. அறுகம்குடாவில் சறுக்குவோரை அதனால் எடுத்தால் வெறும் புள்ளியாகத்தான் தெரிகிறார்கள். 150–600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்றும், கமராவையும் மாற்ற வேண்டும் என்றும் கடையொன்றில் சொல்கிறார்கள். முதலில் எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யன்று. ஆனால் நீங்கள் எங்கே நின்று எடுக்கிறீர்கள் என்று கேட்காமலே லென்ஸின் நீளத்தைச் சொல்பவர், தம் அலமாரியில் இருப்பதைத்தான் விற்கிறார். இவ்வகைப் படத்துக்கு எதை வாங்குவது என்பதைக் கரைக்கும் சறுக்குபவருக்கும் இடையிலுள்ள தூரமே தீர்மானிக்கிறது. கமராவின் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதற்குரிய கணக்கு எளிது. லென்ஸின் குவியத்தூரத்தை, அதாவது அதன் மி.மீ. எண்ணை, ஆளின் உயரத்தால் பெருக்கி, இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால், சென்சரில் அவர் எவ்வளவு இடம் பிடிப்பார் என்று தெரிந்துவிடும். பலகையின் மேல் குனிந்து நிற்பவரின் உயரம் ஒன்றரை மீற்றர் என்று கொண்டால், 100 மீற்றர் தூரத்தில் உங்கள் 55 மி.மீ. லென்ஸ் அவரை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே பதிக்கிறது. 1500டியின் சென்சர் உயரமோ ஏறத்தாழ 15 மி.மீ. என்பதால், அவர் புள்ளியாகத் தெரிவதில் வியப்பில்லை. அதே தூரத்தில் 250 மி.மீ. லென்ஸ் அவரை 3.75 மி.மீ. அளவில், அதாவது படத்தின் உயரத்தில் கால்வாசியாகக் காட்டும்; 400 மி.மீ. லென்ஸ் 6 மி.மீ. அளவில், ஐந்தில் இரண்டு பங்காகக் காட்டும். தூரம் 150 மீற்றர் ஆகும்போதுதான் இதே அளவைப் பெற 600 மி.மீ. வேண்டியிருக்கிறது. கைப்பேசியின் வரைபடச் செயலியில் செய்மதிப் படத்தைத் திறந்து, நீங்கள் நிற்கும் மணலிலிருந்து அலை உடையும் வெள்ளைக் கோடு வரை அளந்து பார்த்துவிட்டு, அந்த எண்ணுடன் கடைக்குப் போவதே முறை.

கால்வாசி என்பது குறைவாகத் தோன்றலாம். உங்கள் கமராவின் 24 மெகாபிக்சல் படத்தின் உயரம் 4000 பிக்சல். அதில் கால்வாசி 1000 பிக்சல். சுற்றியுள்ள நீரை வெட்டி 2400க்கு 1600 பிக்சல் அளவில் எடுத்துக்கொண்டாலும் எட்டு அங்குல அகலத்தில் தெளிவாக அச்சிட முடியும். ஆகவே அலை 100 மீற்றருக்குள் உடையும் இடங்களுக்குத்தான் நீங்கள் பெரும்பாலும் போகிறீர்கள் என்றால், கெனனின் 55–250 மி.மீ. எஸ்டிஎம் லென்ஸ் போதுமான தொடக்கம். 2013இல் வந்த அந்த லென்ஸின் எடை 375 கிராம் மட்டுமே. பாவித்ததாகவும் தாராளமாகக் கிடைக்கிறது. தூரம் அதைவிடக் கூடினால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சிக்மா அல்லது டம்ரொன் 150–600 மி.மீ. லென்ஸ். இவற்றின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் என்பதால், மணலில் ஊன்றக்கூடிய ஒற்றைக்கால் தாங்கியின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மற்றொன்று, பாவித்த கெனன் 400 மி.மீ. எஃப் 5.6 எல் லென்ஸ். 1993இல் வெளிவந்த இதில் அதிர்வுத் தடுப்பு கிடையாது என்று சிலர் தயங்குவார்கள். அதிர்வுத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் அடக்குமே தவிர, சறுக்குபவரின் வேகத்தை நிறுத்தாது. செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் படம் எடுக்கும்போது அது இல்லாதது பெரிய குறையன்று. 1.25 கிலோகிராம் எடையுள்ள அந்த லென்ஸைக் கையிலேயே பிடித்து ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம்.

எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய ஒளி புகும் துவாரம் அகலும்) வாங்கினால்தான் தொழில்முறைப் படம் வரும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தெளிந்த வெயில் ஆளின் முன்புறம் விழும்போது, ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு) 400, எஃப் 8, 1/1600 செக்கன் என்ற அமைப்பே சரியான ஒளியைத் தருகிறது. எஃப் 6.3 லென்ஸுக்கே அங்கு ஒளி மிஞ்சுகிறது என்னும்போது, பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய அகன்ற துவாரத்தை நீங்கள் மூடித்தான் பாவிக்கப் போகிறீர்கள். விடியற்காலை மங்கலில் எடுப்பவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் பொருத்தி, லென்ஸின் நீளத்தை இரண்டு மடங்கு பெருக்கும் டெலிகொன்வேர்ட்டரையும் வாங்க வேண்டாம். அது ஒளியை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கிறது. சாதாரண சூம் லென்ஸில் பொருத்தினால் உங்கள் கமராவின் தானியங்கிக் குவியம் வேலை செய்யவே மறுத்துவிடும்.

இவற்றுக்கு முன் ஒளியின் திசையை யோசியுங்கள், அதற்குச் செலவும் இல்லை. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், காலையில் கரையில் நிற்பவருக்குச் சறுக்குபவர் கருநிழலாகவே தெரிவார். முன்னொளி வேண்டுமாயின் பிற்பகல் வரை காத்திருக்க வேண்டும். ஹிக்கடுவவில் இது தலைகீழ்: காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும். தெற்கு நோக்கிய வெலிகம விரிகுடாவில் காலையும் மாலையும் ஒளி பக்கவாட்டில் வருகிறது. வார இறுதியில் ஒரு காலைப்பொழுது மட்டுமே கிடைக்கும் கொழும்பு வாசகருக்கு, நீளமான லென்ஸைவிட ஹிக்கடுவவுக்கு ஒரு பயணச்சீட்டு நல்ல படங்களைத் தரக்கூடும். அறுகம்குடாவின் முனைகளில் அலை சறுக்குபவருக்கு வலப்பக்க அலை, அதாவது கரையிலிருந்து பார்ப்பவருக்கு இடப்பக்கமாக ஓடும் அலை. நேரெதிரே நின்றால் இடக்கால் முன்வைத்துச் சறுக்குபவரின் முதுகுதான் கிடைக்கும். அலை ஓடிவரும் திசையில், விரிகுடாவின் உட்பக்கமாகச் சற்று நடந்து போய் நின்றால் அவர் உங்களை நோக்கி வருவார். முகமும் கிடைக்கும், தூரமும் குறையும்.

கமராவை மாற்றுவது கடைசி. 1500டி செக்கனுக்கு 3 படங்களே எடுக்கும். தானாகக் குவிக்க அது பாவிக்கும் குவியப் புள்ளிகள் 9. அலையின் உச்சியில் பலகை திரும்பி நீர் சிதறும் கணம் அரைச் செக்கன்கூட நீடிப்பதில்லை என்பதால், அதற்குள் ஒன்றோ இரண்டோ படங்கள்தான் அகப்படும். லென்ஸை வாங்கி ஒரு பருவம் பழகிய பின்பும் இந்தக் குறை உறுத்தினால், 2014இல் வந்த கெனன் 7டி மார்க் 2 கமராவைப் பாவித்ததாகத் தேடுங்கள். அது செக்கனுக்கு 10 படங்கள் எடுக்கும், 65 குவியப் புள்ளிகள் கொண்டது, உப்புத் தூவானத்தை ஓரளவு தாங்கும் அடைப்புகளும் உண்டு. புதிதாகவே வாங்க வேண்டுமென்றால் 2022இல் வந்த ஆர்10 போன்ற கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கமரா செக்கனுக்கு 15 படங்கள் எடுக்கும். ஓர் இணைப்பு வளையம் வாங்கினால் பழைய லென்ஸுகளையும் ஏற்றுக்கொள்ளும். எந்த வழியில் போனாலும் லென்ஸுக்குப் போட்ட பணம் வீணாகாது.

கேள்வி (தெஹிவளை வாசகி): புதிதாக வாங்கிய 150–600 மி.மீ. லென்ஸில் எடுத்த சறுக்குப் படங்களில் பாதிக்கு மேல் தெளிவில்லை. லென்ஸில் குறையில்லை, எடுக்கத் தெரியவில்லை என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யார் சொல்வது சரி?

பதில்: படங்களே சாட்சி சொல்லும். கணினியில் முழு அளவில் திறந்து, சறுக்குபவர் மங்கலாக இருக்கும்போது வேறு ஏதாவது கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் உள்ள நுரையோ பின்னால் உள்ள அலைச்சுவரோ கூர்மையாக இருந்தால், கமரா தவறான இடத்தில் குவிந்திருக்கிறது. அது லென்ஸின் குற்றமன்று. எல்லாக் குவியப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால், கமரா மிக அருகிலும் மிகப் பளிச்சென்றும் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். கடலில் அது பெரும்பாலும் நுரைதான். தொடர் குவிய முறையைத் தெரிவுசெய்து, நடுப்புள்ளியையோ அதைச் சுற்றிய சிறு கூட்டத்தையோ மட்டும் பாவித்து, அவர் எழுந்து நிற்கும் முன்பே பின்தொடரத் தொடங்குங்கள். படம் முழுவதும் ஒரே திசையில் கோடிழுத்தாற்போல் இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை; 1/1000 செக்கனுக்குக் கீழே இறங்காதீர்கள். காலை பத்து மணிக்குப் பிறகு, தொலைவில் எடுத்த படங்கள் மட்டும் கொதிநீருக்கு மேல் பார்த்ததுபோல் நெளிந்திருந்தால், அது சூடேறிய மணலுக்கும் நீருக்கும் மேலே காற்று அலைவதால் வருவது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதை ஊடுருவ முடியாது. லென்ஸோடு சேர்த்துக் கடைக்காரர் தலையில் கட்டிய மலிவான யூவி வடிகட்டி இருந்தால் அதையும் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். நீண்ட லென்ஸுகளில் மட்டமான கண்ணாடி தெளிவைக் கெடுப்பது மிகச் சாதாரணம்.

இவை எவையும் இல்லையென்றால் லென்ஸைச் சோதிக்கலாம். மாலை வெயில் இருக்கும்போது, எழுத்துகள் நிறைந்த ஒரு பெயர்ப்பலகையை நேரெதிரே ஐம்பது மீற்றர் தூரத்திலிருந்து, முக்காலியில் கமராவை நிறுத்தி எடுங்கள். முதலில் கண்ணோக்கி வழியாகப் பத்துப் படங்கள், பிறகு திரை வழியாகக் குவித்துப் பத்துப் படங்கள். திரைவழிப் படங்கள் கூர்மையாகவும் கண்ணோக்கிவழிப் படங்கள் தொடர்ந்து மங்கலாகவும் இருந்தால், கமராவும் லென்ஸும் ஒன்றுக்கொன்று இசையவில்லை. அதை முகவரின் திருத்தகத்தில் சரிசெய்ய முடியும். இரண்டிலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளிருக்கும் கண்ணாடி நகர்ந்திருக்கிறது. அது மாற்றித் தர வேண்டிய குறை. அந்தக் கோப்புகளைத் திருத்தாமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள், “தெளிவில்லை” என்ற வாய்ப்பேச்சைவிட அவை வலியவை.

குறை லென்ஸில் இல்லை என்று தெரியவந்தால், பழகுவதற்கு அறுகம்குடா வரை போக வேண்டியதில்லை. மரைன் டிரைவில் நின்றால் கரையோர ரயில்கள் குறுக்காக ஓடுகின்றன. காலிமுகத்திடலில் பட்டங்கள் கணிக்க முடியாதபடி திரும்புகின்றன. அவற்றைப் பின்தொடரப் பழகிய கைக்குச் சறுக்குபவர் அவ்வளவு கடினமல்லர்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): கடற்கரை விடுதி ஒன்றில் படம்பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் நாடு திரும்பும்போது தம் நிக்கொன் டி500 கமராவையும் 200–500 மி.மீ. லென்ஸையும் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கமராவும் லென்ஸும் இந்த வேலைக்கென்றே செய்தாற்போன்ற இணை. 2016இல் வந்த டி500 செக்கனுக்கு 10 படங்கள் எடுக்கும், 153 குவியப் புள்ளிகள் உண்டு. உங்கள் கவலை உப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். கடற்கரையில் வாழ்ந்த கமராவுக்கு வெளியே பளபளப்பும் உள்ளே அரிப்பும் ஒருசேர இருக்கக்கூடும்.

பகல் வெளிச்சத்தில், அவசரப்படாமல் பாருங்கள். அடித்தட்டிலும் லென்ஸ் பொருந்தும் வளையத்திலும் உள்ள சிறு திருகாணிகளின் தலைகளில் துரு இருக்கிறதா, மேலே ஃப்ளாஷ் பொருத்தும் இடத்தில் வெண்பொடியோ பச்சைப் படிவோ இருக்கிறதா, பற்றரிக் குழியின் தொடுமுனைகள் மங்கியிருக்கின்றனவா என்று நோக்குங்கள். திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ ஒருமுறை திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். சூம் வளையத்தையும் குவிய வளையத்தையும் காதருகே வைத்து மெதுவாகத் திருப்பினால் மணல் இருப்பது சத்தத்திலேயே தெரியும். நீளும் சூம் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது என்பதால், லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, ஒரு முனையில் சிறு டோர்ச் ஒளியைப் பாய்ச்சி, மறுமுனையிலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். தூசி சில இருப்பதால் பாதகமில்லை. சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். எஃப் 16இல் வெறும் வானத்தை எடுத்தால் சென்சரின் கறைகள் தெரிந்துவிடும்.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதை நிக்கொன் கமராக்கள் படக் கோப்பிலேயே பதிந்து வைக்கின்றன. புதிதாக ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பைப் படத்தகவல் காட்டும் மென்பொருளில் திறந்தால் எண் கிடைக்கும். டி500இன் ஷட்டர் 200,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. சறுக்குப் படம் எடுப்பவர் ஒரே காலையில் ஆயிரக்கணக்கில் அழுத்துவார் என்பதால், வயது குறைந்த கமராவிலும் எண் பெரிதாக இருப்பதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். 150,000ஐத் தாண்டியிருந்தால் ஷட்டர் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். கெனன் கமராக்கள் பொதுவாக இந்த எண்ணைப் படக் கோப்பில் எழுதுவதில்லை. ஆகவே கெனன் விற்பவர் “பத்தாயிரம்தான் ஓடியது” என்று சொன்னால் திருத்தகத்தின் சான்றைக் கேளுங்கள்.

விற்பவர் வெளிநாட்டவர் என்றால், கமராவின் தொடர் இலக்கம் பெட்டியிலும் வாங்கிய பற்றுச்சீட்டிலும் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அந்த இலக்கத்தையும் அவருடைய கடவுச்சீட்டு விபரத்தையும் குறிப்பிட்டுக் கையொப்பமிட்ட ஒரு விற்பனைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். களவு போன பொருள் கைமாறி வந்திருந்தால் உங்கள் நேர்மையை நிரூபிக்க அந்தத் தாளைத் தவிர வேறொன்றும் இராது. தனியார் ஒருவரிடம் வாங்கும்போது கடையில் வாங்குவோருக்குள்ள சட்டப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடையாது என்பதையும் விலையில் கணக்கிடுங்கள்.

கேள்வி (மருதானை வாசகர்): நடைபாதைக் கடையில் 256 ஜிகாபைட் நினைவக அட்டை மிக மலிவாகக் கிடைத்தது. படங்கள் பாதியில் அழிகின்றன. ஏன்?

பதில்: கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்யப்பட்ட போலி அட்டையாக இருக்க வேண்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் அட்டை முழுவதும் எழுதி, மீண்டும் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். எந்த அட்டையையும் வாங்கிய அன்றே அதில் ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து படமெடுப்பவர்களுக்குக் கொள்ளளவைவிட எழுதும் வேகம் முக்கியம். வி30 என்ற குறியீடு செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பதற்கான உறுதி. உங்கள் கமரா யுஎச்எஸ் 2 என்ற அதிவேக அட்டைகளை ஏற்காவிட்டால், அதற்கு மேலதிக விலை கொடுப்பதில் பயனில்லை.

கேள்வி (கல்கிசை வாசகி): தண்ணீருக்குள் இறங்கி, அலைக்கு உள்ளிருந்து எடுக்க ஆசை. என் கைப்பேசி ஐபி68 என்ற நீர்த்தடுப்புத் தரம் கொண்டது. அதுவே போதுமா, அல்லது நீர்புகா உறை வாங்க வேண்டுமா?

பதில்: கைப்பேசியைக் கடலில் இறக்காதீர்கள். ஐபி68 என்பது அசையாத நன்னீரில், ஆய்வுகூடத்தில் செய்த சோதனையின் முடிவு. உடையும் அலையின் அறைவும் உப்பும் அந்தச் சோதனையில் இல்லை. நீர் புகுந்து பழுதானால் உற்பத்தியாளர்களின் உத்தரவாதம் பொதுவாக அதை ஏற்பதுமில்லை. தரக் குறியீட்டைப் பெரிதாக விளம்பரப்படுத்துபவர்களே இந்த விலக்கைச் சிறிய எழுத்தில் போடுவதைக் காணலாம். கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் பைகளும் படகுச் சவாரிக்கு ஏற்றவை, அலை உடையும் இடத்துக்கு அல்ல.

தொடக்கத்துக்குக் கோப்ரோ போன்ற அக்ஷன் கமராவே உகந்தது. கோப்ரோ நிறுவனத்தை நிறுவிய நிக் வுட்மன், தாமும் நண்பர்களும் சறுக்குவதைத் தாமே படம்பிடிக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து தொடங்கி, 2004இல் மணிக்கட்டில் கட்டும் 35 மி.மீ. சுருள் கமராவாக முதல் கோப்ரோவை விற்றார். சறுக்குபவரே அணிந்துகொள்வதற்காகப் பிறந்த பொருள் என்பதால் அதன் பார்வை மிக அகன்றது. 2016இல் வந்த ஹீரோ5 முதல் வெளியுறை இல்லாமலே 10 மீற்றர் ஆழம் வரை நீரைத் தாங்குகிறது. ஆனால் மூன்று மீற்றருக்கு அப்பால் உள்ளவர் அதில் மிகச் சிறியவராகிவிடுவார். கரையிலிருந்து எடுக்க அதை வாங்குவது பணத்தை வீசுவதற்குச் சமம். மிதக்கும் கைப்பிடியையும் சேர்த்து வாங்குங்கள், அலை பறித்துக்கொண்டு போன கமராவை எந்த உத்தரவாதமும் திருப்பித் தராது.

பெரிய கமராவுக்கான கடின உறை வேறு உலகம். 1930ஐ ஒட்டிய காலத்தில் டொம் பிளேக் என்ற அமெரிக்கச் சறுக்குவீரர் தம் கமராவுக்குத் தாமே நீர்புகாப் பெட்டி செய்து ஹவாயில் எடுத்த படங்கள் 1935இல் நெஷனல் ஜியோகிரபிக் இதழில் வெளியாயின. இந்த உறைகள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு கமராவுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்படுகின்றன. ஆகவே உறையை வாங்குபவர் அந்தக் கமராவோடு பல ஆண்டுகள் கட்டுப்படுகிறார்; கமராவை மாற்றினால் உறையும் பெரும்பாலும் பயனற்றுப்போகும். உறையின் விலை கமராவின் விலையை எட்டுவதும் மீறுவதும் வழக்கம். முன்புறக் கண்ணாடியும் தனியாக வாங்க வேண்டியது: அகன்ற லென்ஸுக்குக் குவிமாடம், நீண்ட லென்ஸுக்குத் தட்டையானது. உறை வந்ததும் கமராவை வைக்காமல், உள்ளே மென்தாள் ஒன்றைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். தாள் நனைந்திருந்தால் ரப்பர் வளையத்தில் மணலோ தலைமுடியோ சிக்கியிருக்கிறதா என்று தேடுங்கள்; ஒரு முடி போதும், கமரா போய்விடும்.

உங்களால் அலைக்குள் துடுப்புக் காலணியோடு நீந்தி, அலை விழும் முன் அடியில் அமிழ்ந்து தப்ப முடியுமா என்பதே இதில் முதல் கேள்வி. முடியாதென்றால் நீச்சல் பயிற்சிக்கு முதலில் செலவிடுங்கள். மிதிகமவின் அலைகள் பவளப்பாறை மேல் உடைகின்றன. புதியவர்கள் வெலிகமவின் மணலடித் தளத்தில் தொடங்குவதே அறிவு.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகர்): முகவர் உத்தரவாதம் உள்ள லென்ஸுக்கும் “கடை உத்தரவாதம்” மட்டும் உள்ள லென்ஸுக்கும் விலையில் பெரிய வேறுபாடு உள்ளது. மலிவானதை வாங்கிப் பழுதானால் எனக்கு என்ன உரிமை உண்டு?

பதில்: கடை உத்தரவாதம் என்பது கடைக்காரர் உங்களுக்குத் தரும் வாக்குறுதி, உற்பத்தியாளரின் உள்ளூர் முகவர் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். அந்த வாக்குறுதியின் மதிப்பு எழுத்தில் உள்ள அளவே. காலம் எத்தனை மாதம், உதிரிப்பாகம் உட்பட்டதா, கூலி மட்டுமா, திருத்த முடியாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பவற்றைத் தொடர் இலக்கத்தோடு பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வர்த்தகரின் கடமை. “தந்தால் வரி சேரும்” என்பது மறுப்பதற்குக் காரணமாகாது.

கடை உத்தரவாதமே இல்லாவிட்டாலும் நீங்கள் வெறுங்கையர் அல்லர். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின் கீழ், எந்தத் தேவைக்காக வாங்குகிறீர்கள் என்று தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமான அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது உடன்படிக்கையில் உள்ளடங்கிய நிபந்தனை. ஆகவே “விரைவாக அசையும் ஆட்களைத் தூரத்திலிருந்து எடுக்கத் தேவை” என்று வாங்குமுன் வாட்ஸ்அப்பில் கடைக்கு எழுதிக் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்வது வெறும் பேச்சன்று, பிற்காலச் சான்று. ஆனால் நீங்கள் பொருளைப் பரிசோதித்து வாங்கியிருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னர் முறையிட முடியாது. கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பேசித் தீராவிட்டால் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும். “அடுத்த வாரம் வாருங்கள்” என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லியே பலருக்கு இந்தக் காலம் கழிந்துவிடுகிறது. விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆலோசனைக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். கடனட்டையில் செலுத்தினால் இரண்டரை, மூன்று வீதம் கூடுதலாகக் கேட்பது அனுமதிக்கப்பட்டதன்று. அப்படிக் கேட்டால் அட்டை வழங்கிய வங்கிக்கு அறிவியுங்கள்.

என் கணிப்பில், கமரா உடலை முகவர் உத்தரவாதத்தோடும், லென்ஸை, நன்றாகச் சோதிக்க முடிந்தால், மலிவான வழியிலும் வாங்கலாம். லென்ஸில் வரும் உற்பத்திக் குறை பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். உடலின் மின்சுற்றுக் குறை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும்.

கேள்வி (வத்தளை வாசகர்): உலர்பெட்டி வாங்குவது அவசியமா? ட்ரோன் வாங்கினால் லென்ஸே தேவையில்லை என்கிறார் நண்பர்.

பதில்: கொழும்பின் ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சணம் வருவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்சார உலர்பெட்டிக்குப் பணம் இல்லாவிட்டால், காற்றுப்புகா மூடியுள்ள சமையலறை டப்பாவும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும், சிறிய ஈரமானியும் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கட்டும். கடலிலிருந்து வந்த அன்றிரவே, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உள்ளன, பதிவும் அனுமதியும் வேண்டும். அவற்றைப் பெறும் வழியைத் தெரிந்துகொண்ட பின் கடைக்குப் போங்கள்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி வாசகி): வெலிகமவில் நான் சறுக்கியபோது கரையில் நின்ற ஒளிப்படக்காரர் எடுத்த படங்களைப் பணம் கொடுத்து வாங்கினேன். வாட்ஸ்அப்பில் வந்தவை அச்சிட முடியாத அளவுக்குச் சிறியவை. என் சகோதரரின் விருந்தினர் இல்ல விளம்பரத்தில் அவற்றைப் போடலாமா என்று கேட்டதற்கு மேலும் பணம் கேட்கிறார். என்னுடைய படம்தானே?

பதில்: படத்தில் இருப்பவர் நீங்கள், படம் அவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படங்களையும் பாதுகாக்கிறது. ஒரு பிரதியை விலைக்கு வாங்கியதால் அதை வணிக விளம்பரத்தில் வெளியிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடுவதில்லை. அதற்கு அவர் தனியாகப் பணம் கேட்பது நியாயமே, தொகையைப் பேசிக் குறைப்பது உங்கள் திறமை.

கோப்பின் அளவைப் பொறுத்தவரை நியாயம் உங்கள் பக்கம். வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது கோப்பைச் சுருக்கிவிடுகிறது; அவர் ஏமாற்றினார் என்று முடிவுகட்டுமுன், ஆவணமாக இணைத்தோ இணைய இணைப்பாகவோ மூலக் கோப்பை அனுப்பும்படி கேளுங்கள். இனி வாங்கும்போது, எத்தனை படங்கள், நீள்பக்கம் எத்தனை பிக்சல், எந்த நாளுக்குள், எந்தப் பயன்பாட்டுக்கு என்ற நான்கையும் ஒரே செய்தியில் எழுதி, அவர் “சரி” என்று பதிலளித்த பின் பாதிப் பணத்தைக் கொடுத்து, கோப்புகளைத் திறந்து பார்த்த பின் மீதியைக் கொடுங்கள்.